செம்பியன் மாதேவியாரும் மகனார் காசும்

காவிரியின் இருகரையிலும் உள்ள பாடல் பெற்ற தலங்களுக்குச் சென்று, கருவறைச் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களை ஊன்றிப் படிப்பார்க்கு ஒரு பெருமாட்டியின் திருப்பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். அப்பெயர் செம்பியன் மாதேவியார் என்பது. முதற் பராந்தகர், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், உத்தமர், இராசராசர் என்னும் சோழ மன்னர் அறுவர் ஆட்சியையும் கண்டவர் அவர். 941 ஆம் ஆண்டில் தொடங்கும் அவர்தம் திருப்பணிச் செய்தி 1001 ஆம் ஆண்டு வரையில் தொடர்கின்றது. அறுபதாண்டுக் காலம் ஒருவர் இடையறாது சிவதருமம் செய்தார் என்பது எந்நாட்டு வரலாற்றிலும் அரிதாகவே காணப்படும். அந்த அறுபதாண்டும் அரண்மனையில் அமைதி நிலவிய காலமன்று என்பது நினைந்தாலன்றி அவர் பெருமை முற்ற விளங்காது.

அம்மையார் மழவர் குலத்துப் பிறந்தவர். மழவரையரின் மகளார் என்றே கல்வெட்டுக்கள் அவரைக் குறிக்கும். சித்திரைத் திங்கள் கேட்டை அவர் பிறந்த நாண்மீன். செம்பியன் மாதேவி என்பது சோழர் பெருந்தேவி எனப் பொருள்படும் சிறப்புப் பெயரேயாதலின், தாய் தந்தையர் இட்ட பிள்ளைத் திருநாமம் வேறாதல் கூடும். முதற் பராந்தகரின் இரண்டாம் மைந்தராகிய கண்டராதித்தரை மணந்து அவர் சோழர் மனைக்கு வந்தார். மாமனார் அரியணையில் வீற்றிருந்த காலத்திலேயே, 941 இல், இந்நாளில் உய்யக்கொண்டான் திருமலை என வழங்கும் திருக்கற்குடிப் பெருமானுக்கு ஒரு நொந்தா விளக்கு வைத்தார். அவரைப் பற்றி அறியவரும் முதற் செய்தி அதுவே.

பராந்தகர் தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தவர். அவர் ஆட்சியின் பிற்பகுதியிலே சோழநாட்டுக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. 949 இல் தக்கோலத்துப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டினன் படையோடு பொருத பட்டத்து இளவரசர் இராசாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தார். தொண்டைநாடு கைவிட்டுப் போயிற்று. தமையனார் மாளவே அரசுரிமை கண்டராதித்தர்க்கு வந்தது.

கண்டராதித்தர் வாளினும் தமிழை விரும்பியவர். தமிழினும் தில்லைக் கூத்தனை விரும்பியவர். அவர் அருளிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையிலே இடம்பெற்று இன்றும் ஓதப்பெறுகின்றது. கோழிக்கும் தஞ்சைக்கும் வேந்தர் எனத் தம்மை அப்பதிகத்தில் குறித்துக்கொண்ட அவர், இழந்த நிலத்தை மீட்கப் பெரும்போர் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. போரால் புகழ் தேடாமையை ஒரு குறையாகக் கூறுவார் கூறுக. திருமுறை ஆசிரியருள் ஒருவராக எண்ணப்படும் பேறு அவ்வழித் தோன்றிய வேந்தருள் வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. பிற்காலக் கல்வெட்டுக்கள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்று வழங்குகின்றன. அரசு துறந்து மேற்றிசைத் தலங்களை வழிபடச் சென்றார் என ஒருசாரார் அதற்குப் பொருள் கொள்வர். மறைவைக் குறிக்கும் மங்கல வழக்கே அது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும் 957 ஐ ஒட்டிய காலத்தில் செம்பியன் மாதேவியார் கணவரைப் பிரிந்து நின்றார். கையில் இருந்தது ஒரு சிறுமகவு. அம்மகவே மதுராந்தகன் என்னும் பெயர் பூண்டு, பின்னாளில் உத்தம சோழன் எனப் பட்டம் பெற்றது.

மகவு நாடாளும் பருவத்ததன்று. பகையோ வடதிசையில் காத்து நின்றது. ஆகவே அரசு கண்டராதித்தர் தம்பியாகிய அரிஞ்சயரிடம் சென்றது. அவர் சின்னாளே ஆண்டு மறைந்தார். அவருக்குப் பின் அவர் மைந்தர் சுந்தர சோழர் என்னும் இரண்டாம் பராந்தகர் முடிசூடினார். இவ்வாறு மூத்தார் கிளையினின்றும் அரசுரிமை இளையார் கிளைக்கு மாறிற்று. இதனை வஞ்சனை என்று கூறுதற்கு இடமில்லை. நாட்டின் நலங்கருதிப் பெரியோர் செய்த ஏற்பாடு என்றே கொள்ளத் தகும். ஆயினும், மைந்தன் வளர்ந்து காளையான பின்னரும் அவன் உரிமை யாது என்னும் வினா அரண்மனையிலும் ஊரவைகளிலும் எழாதிருக்க இயலாதன்றோ?

சுந்தர சோழர்க்கு மைந்தர் இருவர், மகளார் ஒருவர். மூத்தவன் ஆதித்த கரிகாலன். இளையவர் பின்னர் இராசராசர் எனப் பெயர் விளங்கிய அருண்மொழித் தேவர். மகளார் குந்தவைப் பிராட்டியார். ஆதித்தன் இளமையிலேயே சேவூர்ப் போர்க்களத்தில் வீரபாண்டியனை எதிர்த்துப் பொருதவன். வீரபாண்டியன் தலைகொண்டவன் எனக் கல்வெட்டுக்கள் அவனைச் சிறப்பிக்கும். அவனுக்கு இளவரசுப் பட்டமும் சூட்டப்பெற்றது. எனவே அரசுரிமை இளையார் கிளையிலேயே நிலைத்துவிட்டதாக யாவரும் எண்ணியிருப்பர். அந்நிலையில், 970 ஐ ஒட்டிய காலத்தில், ஆதித்தன் வஞ்சகமாகக் கொலையுண்டான்.

கொன்றவர் பெயரைக் காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடித் திருவனந்தீசுவரத்துக் கல்வெட்டு இன்றும் காட்டி நிற்கின்றது. அது இராசராசரின் 2 ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் என்னும் பட்டமுடைய இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்னும் பட்டமுடைய பரமேசுவரன் முதலியோர் துரோகிகள் என அது குறிக்கின்றது. அவர்தம் நிலங்களும் அவர் உறவினர் நிலங்களும் அரசாணையாற் கைக்கொண்டு விற்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிய ஒருவர் அதனை அக்கோயிலிலேயே அறமாக்கினார். கொலைஞரின் நிலம் கோயில் நிலமாகி அன்னம் இட்டது. பஞ்சவன் என்பது பாண்டியன் பெயராதலின், வீரபாண்டியன் தலை வீழ்ந்ததற்குப் பழிவாங்கவே இக்கொலை நிகழ்ந்தது என்பார் பலர்.

மகனை இழந்த சுந்தர சோழர் 973 இல் காஞ்சிப் பொன்மாளிகையில் மறைந்தார். அவர் தேவி வானவன் மாதேவியார் உடன்கட்டை ஏறினார். நாட்டு மக்கள் அருண்மொழித் தேவரையே அரசராகுமாறு வேண்டினர் என்றும், சிறிய தந்தையார்க்கு அரசாளும் விருப்பம் உள்ளவரை அதனைத் தாம் மனத்தாலும் விழையேன் என அவர் மறுத்துவிட்டார் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. 1905 இல் கிடைத்த அச்செப்பேடு இராசேந்திரர் காலத்தது. அஃதாவது அருண்மொழித் தேவரின் மைந்தர் அவையிலே எழுதப்பட்டது. ஆதலின் தம் குலத் தலைவரை உயர்த்திக் கூறுதல் இயல்பே. ஆனால் அதே செப்பேடு மதுராந்தகரை இகழவில்லை என்பது கருதத்தக்கது. சிவபெருமான் திருவடியில் கருத்து வைத்துத் தம் செல்வத்தை அவன் வழிபாட்டிற்கும், ஏவலரை அவன் கோயிற் பணிக்கும் ஆக்கியவர் எனவும், அருண்மொழித் தேவரை இளவரசாக்கியவர் எனவும் அவரைப் புகழ்கின்றது. தாயார் வளர்த்த முறைமை அங்கே மகனிடத்து விளங்கக் காணலாம்.

இனி, உத்தம சோழர் தூண்டுதலாலேயே ஆதித்தன் கொலையுண்டான் என்று ஐயுற்ற வரலாற்று ஆசிரியரும் உளர். நீலகண்ட சாத்திரியார் அக்கருத்துடையவர். உத்தமர் பதினைந்து ஆண்டுகள் ஆண்டும், கொலைஞர் சொத்து இராசராசர் காலத்திலேயே கைக்கொள்ளப்பட்டமை ஏன் என்பது அவ்வையத்திற்கு அடிப்படை. சதாசிவ பண்டாரத்தார் இதனை மறுத்தார். உத்தமர் அக்கொலைக்கு உடன்பட்டவராயின் இராசராசர் அவர் மைந்தரை உயர்ந்த பதவியில் அமர்த்தார். செம்பியன் மாதேவியாரைத் தெய்வம் போலப் போற்றியிரார். இவ்வாதமே வலியுடையது. சான்று இன்மை ஒருவரைக் குற்றவாளியாக்குதற்குப் போதாது. ஆயினும் அப்பெருமாட்டியார் வாழ்ந்த நாளிலேயே இப்பழிச்சொல் காதோடு காதாக உலவியிருக்குமாயின், அது அவர் உள்ளத்தை எவ்வளவு வருத்தியிருக்கும்! கணவர் துறந்து சென்ற அரியணையில் மகன் அமர்வதைக் காணும் மகிழ்ச்சி தாய்க்கு வந்த அன்றே, மற்றொரு தாய் தன் தலைமகனை இழந்திருந்தாள்.

அவ்வாறு அரியணை ஏறிய மகனார் பெயரைத் தாங்கிய காசுகள் கிடைத்துள்ளன. விசயாலயர் வழிவந்த சோழர் காசுகளுள் மன்னன் பெயரால் அறியப்படுவனவற்றில் உத்தமர் காசே முற்பட்டது என்பது காசு நூலார் கொள்கை. பொற்காசு ஒன்று சர் வால்டர் எலியட் என்பாரின் தொகுதியில் இருந்தது. அவர் வரைந்து வைத்த படத்தாலேயே அது அறியப்படுகின்றது. அருகிக் கிடைக்கும் வெள்ளிக் காசுகளும் உள. அவற்றிலே அமர்ந்த புலியும் அதன் முன்னே மீனும் அமைய, உத்தம சோழன் என்னும் பெயர் வடவெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. முதல் இராசேந்திரர்க்கும் உத்தம சோழன் என்னும் சிறப்புப் பெயர் உண்டாதலின், அவ்வெள்ளிக் காசுகள் இராசேந்திரர் வெளியிட்டனவே எனக் கருதுவாரும் உளர்.

அந்நாளிலே ஒரு காசிற்கு இருந்த பொருளை இந்நாளைய நாணயத்தை வைத்து அளத்தலாகாது. ஊரவை ஓலையிலும் கோயிற் கல்வெட்டிலும் பொன் பெரும்பாலும் எடையாலேயே குறிக்கப்பட்டது. கழஞ்சு, மஞ்சாடி எனப் பொன்னையும், கலம், குறுணி எனவும் நாழி எனவும் நெல்லையும் அளந்தனர். விளக்கிற்கு ஆடும் பசுவும் கொடுத்தனர். மன்னன் பெயர் பொறித்த காசு இன்றியும் கொடுக்கல் வாங்கல் நடந்தே வந்தது. எனவே, பெயர் பொறித்துக் காசு அடிப்பது வாணிகத் தேவைக்கு மட்டும் செய்யப்படுவதன்று. இந்நாட்டிற்கு உரியவன் யான் என்று ஒரு வேந்தன் சொல்லாமற் சொல்லும் முறையாகும். தந்தை மறைந்தபோது குழவியாயிருந்தமையால் உரிமை நீங்கப்பெற்று, உறவினன் கொலையின் பின்னே முடி சூடிய ஒருவர்க்கு அவ்வாறு சொல்ல வேண்டிய காரணம் மிகுதியாகவே இருந்தது. அவர் காசில் மீன் பொறித்திருப்பதும் நோக்கத்தக்கது. மீன் பாண்டியர்க்குரியது. பாண்டியனை வென்ற புகழோ ஆதித்த கரிகாலனுக்குரியது. கொலையுண்டவன் தேடித் தந்த வெற்றியின் அடையாளம், அவனுக்குப் பின் வந்தவர் காசில் அமைந்தது. குலம் ஒன்றாதலின் வெற்றியும் குலத்துக்கே உரியது என்பது அதன் கருத்துப் போலும்.

மகனார் தம் பெயரைப் பொன்னிலும் வெள்ளியிலும் பொறித்த அந்நாளிலே தாயார் செய்தது யாது? தம் கணவர் பெயரைக் கல்லிலே பொறித்தார்.

இந்நாளில் கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம் அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். அங்கே செங்கற்றளியாய் இருந்த திருக்கோயிலை அம்மையார் கற்றளியாக்கினார். கற்றளி என்றது கருங்கல்லால் எடுத்த கோயிலை. அத்திருப்பணி தம் பெயரால் அன்றிக் கண்டராதித்தர் திருநாமத்தாலே செய்யப்பட்டது. தென்சுவரில், சிவலிங்கத் திருமேனியின் முன் கண்டராதித்தர் அமர்ந்து வழிபடும் காட்சி புடைப்புச் சிற்பமாக அமைக்கப்பெற்று, அதன்கீழே அவர் இன்னார் என்பதும், அவர் பெயரால் தேவியார் இக்கற்றளி எடுப்பித்தார் என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. அரசர் கோலத்தின் ஆரவாரம் அங்கில்லை. அடியார் கோலமே உள்ளது. மணிமுடி தரித்து வீற்றிருப்பவராகக் கணவரைக் காட்டச் செய்திருந்தால், அது மகனார் உரிமையை வலியுறுத்த உதவியிருக்கும். பெருமாட்டியார் அதனை விரும்பவில்லை. அப்பணியை முன்னின்று செய்த ஆலத்தூர்ச் சாத்தன் குணபட்டன் என்னும் அரசரண சேகரனையும் மறவாது கல்லிலே ஏற்றினார். பணி செய்வித்தார் பெயரோடு பணி செய்தார் பெயரும் நிற்கச் செய்த பண்பு பாராட்டற்பாலது.

அம்மையார் திருப்பணிகளுள் திருக்கோடிகாவில் நிகழ்ந்தது தனித்து எண்ணத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கற்றளி எடுக்கும்போது, பழங்கற்கள் பலவற்றில் முன்னோர் செய்த அறங்கள் எழுதப்பட்டிருந்தன. பல்லவர் காலத்துக் கொடைகளும் அவற்றுள் உண்டு. ஒருவர் விளக்கிற்குப் பொன் வைத்திருப்பார். ஒருவர் திருவமுதுக்கு நிலம் விட்டிருப்பார். அக்கற்கள் சிதறிப் போயின், கொடுத்தவர் பெயர் மறைவதோடு, அக்கொடைக்கு ஊரவை தந்த உறுதியும் மறையும். எழுத்து அழிந்தால் விளக்கும் அணையும். புதிய கோயிலை எடுப்பிக்கும் அரசமாதேவி தம் அறத்தை மட்டும் பொறித்துப் பழையதை விட்டிருப்பினும் கேட்பார் இலர். ஆனால் அவரோ, அப்பழைய கல்வெட்டுக்கள் அனைத்தையும் படியெடுத்துப் புதிய சுவரிலே மீண்டும் வெட்டுவித்தார். இவை பழங்கல்லினின்றும் எடுத்த படிகள் என்பதையும் உடன் குறிப்பித்தார். வேற்றுக் குலத்து மன்னர் காலத்தே எளிய குடிமக்கள் இட்ட விளக்குகளும் ஒரு சோழமாதேவியின் கருணையால் அணையாது நின்றன. இந்நாளில் பழங்கோயில் புதுக்க முற்படுவார், எழுத்துள்ள கல்லை உளியால் கொத்தியும் மணல் வீசித் தேய்த்தும் பாழாக்குதற்கு முன்னே, ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த இப்பெருமாட்டியார் செய்ததனை ஒருமுறை எண்ணுவாராக.

விருத்தாசலம் எனப்படும் திருமுதுகுன்றம், தென்குரங்காடுதுறை, குற்றாலம் எனவும் வழங்கும் திருத்துருத்தி, ஆனாங்கூர், திருமணஞ்சேரி, திருவாரூர் அரநெறி ஆகியனவும் அவர் கற்றளியாக்கிய தலங்களாம். முதுகுன்றப் பணி உத்தமரின் 12 ஆம் ஆட்சியாண்டில் முற்றுப்பெற்றது. தென்குரங்காடுதுறையிலே அம்மையார் தாமே சிவலிங்கத்தை வழிபடும் சிற்பம் உண்டு. அவர் எடுப்பித்த கோயில்களின் புறச்சுவர்களில் தேவகோட்டங்கள் முன்னையினும் மிகுந்தன. மூத்த பிள்ளையார், அகத்தியர், மாதொருபாகர், பிச்சைத்தேவர், கொற்றவை முதலிய திருமேனிகள் அவற்றிலே எழுந்தருளுவிக்கப்பெற்றன. அர்த்தமண்டபத் தென்புறக் கோட்டத்தில் ஆடல்வல்லான் திருவுருவத்தை அமைக்கும் மரபு அவர் திருப்பணிகளாலேயே வேரூன்றிற்று. தில்லைக் கூத்தனைப் பாடிய கணவரின் காதல், மனைவியார் பணியிலே ஊர்தோறும் உருப்பெற்றது என்னலாம். அக்காலத்தே வார்க்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் அழகை உலகினர் வியந்து போற்றுகின்றனர்; அவற்றை விரித்துரைக்கத் தனிநூல் வேண்டும்.

நாகைக்கு அணித்தாகத் தம் பெயரால் செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊரையும், அங்கே கைலாசநாதர் திருக்கோயிலையும் அவர் உண்டாக்கினார். உத்தமரின் தேவியர் பலர் அக்கோயிலுக்கு நிவந்தம் அளித்தனர். மாமியார் பிறந்த கேட்டை நாளிலே அங்கு வழிபாடு நிகழ்த்தவும் அடியார்க்கும் அந்தணர்க்கும் உணவளிக்கவும் அவர்கள் பொருள் வைத்தார்கள். மருகியர் ஒருங்கு கூடி மாமியார் பிறந்தநாளுக்கு அறம் வைப்பது உலகில் பெரிதும் காணப்படுவதொன்றன்று. அரசாணைக்கு அஞ்சிச் செய்த செயலாக அது தோன்றவில்லை.

985 இல் உத்தமர் மறைந்தார். அவர்க்கு மைந்தர் இருந்தார்; மதுராந்தகன் கண்டராதித்தர் என்பது அவர் பெயர். பாட்டனார் பெயரையே அவர் தாங்கியிருந்தார். ஆயினும் முன்னரே வகுத்தபடி அரசு அருண்மொழித் தேவரிடம் சென்றது. மூத்தார் கிளைக்கு வந்த அரசுரிமை ஒரு தலைமுறையோடு மீண்டும் நீங்கிற்று. அம்மையார் தம் மைந்தர் குழவியாயிருந்த நாளிலே கண்டதனைப் பேரர் காலத்திலும் கண்டார். முன்னே கணவரை இழந்தபோது உரிமை போயிற்று. இப்பொழுது மகனை இழந்தபோது உரிமை போயிற்று. பிற நாடுகளில் இத்தகைய நிலையிலே தாயார் படை திரட்டியதும், பேரரைக் காட்டிப் பிரிவினை மூட்டியதும் உண்டு. தஞ்சையில் அத்தகையதொன்றும் நிகழவில்லை.

புதிய மன்னரும் மறு கிளையைப் பகையாக நோக்கினாரல்லர். உத்தமர் மைந்தராகிய மதுராந்தகன் கண்டராதித்தரைக் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்பணியில் இராசராசர் அமர்த்தினார். நாடெங்கும் சென்று, நிவந்தங்கள் முறைப்படி நடக்கின்றனவா எனக் கணக்கு ஆராய்ந்து, தவறு செய்தாரை ஒறுத்துத் திருத்தும் கடமை அவருடையதாயிற்று. பாட்டியார் கல்லிலே எழுதுவித்த அறங்கள் நடைபெறுதலைப் பேரர் கண்காணித்தார். அரியணை கிட்டாத மகனுக்கு அதனினும் பொருத்தமான பணி வேறு யாது உண்டு? உடையார்குடி ஆணை பிறந்ததும் இராசராசரின் தொடக்க ஆண்டுகளிலேயே. தமையனைக் கொன்றார் சுற்றத்தின் நிலங்களைக் கைக்கொள்ள ஆணையிட்ட அதே மன்னர், உத்தமரைப் பெற்ற தாயாரைத் தம் குலத்து மூத்த பாட்டியாராகப் போற்றினார். அம்மையார் மீது அவருக்குச் சிறிதும் ஐயம் இருந்திருப்பின் இவ்விரண்டும் ஒருங்கு நிகழ்ந்திரா.

தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரும் பின்னர்த் தாதாபுரம் முதலிய இடங்களிற் கோயில் எடுப்பித்தார். அரசகுலப் பெண்டிர் தம் பொருளைக் கோயிலுக்கு ஆக்கும் அந்நெறிக்குச் செம்பியன் மாதேவியாரே வழிகாட்டி.

மகனார் மறைவுக்குப் பின்னரும் பெருமாட்டியார் திருப்பணியை நிறுத்தவில்லை. 1001 இல், இராசராசரின் 16 ஆம் ஆட்சியாண்டில், தொண்டைநாட்டுத் திருவக்கரைக் கோயில் அவரால் கற்றளியாயிற்று. தக்கோலத்துப் போரினால் சோழர் இழந்த தொண்டைநாட்டிலே, சோழர் ஆட்சி மீண்டும் வேரூன்றிய பின் அவர் செய்த பணி அது. திருக்கற்குடியில் விளக்கு வைத்த இளம் மருமகள் அப்போது முதிர்ந்த மூதாட்டியாயிருந்தார். அதன்பின் அவர் பெயரால் புதிய திருப்பணி ஏதும் காணப்படவில்லை. இராசராசேச்சரம் தஞ்சையில் எழத் தொடங்கிய நாள் அதனை அடுத்தே வந்தது. கற்றளி எடுக்கும் கலையில் கைபழகிய சிற்பியர் குலம் ஒன்று சோழநாட்டில் அப்போது நிறைந்திருந்தது. அறுபதாண்டு அவர்க்கு இடையறாத வேலை தந்தவர் இவ்வம்மையார்.

1019 ஆம் ஆண்டில் முதல் இராசேந்திரர், செம்பியன் மாதேவி ஊர்க் கைலாசநாதர் கோயிலிலே அம்மையாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கு நிவந்தமும் ஏற்படுத்தினார். இராசேந்திரர் அம்மையார் வயிற்றுப் பேரரல்லர். இளையார் கிளையில் வந்தவர். கொலையுண்ட ஆதித்தனுக்குத் தம்பி மைந்தர். உத்தம சோழன் என்னும் பெயரை அவரும் தரித்தமையாலேயே, அவ்வெள்ளிக் காசு இருவருள் யாருடையது என்று இன்றும் ஆராயப்படுகின்றது. கேட்டை நாள் வழிபாட்டிற்கு மருகியர் வைத்த நிவந்தமும் திருவுருவத்திற்கு இராசேந்திரர் வைத்த நிவந்தமும் அக்கோயிற் சுவரிலே எழுதப்பட்டுள்ளன.